நாளுக்கு ஒரு வரிசை

மார்கழி மாதத்தில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளின் உள்தெருக்களில் விடியற்காலையில் நடந்து சென்றால், வாசல்தோறும் ஒரு புதிய கோலத்தைக் காணலாம். இன்று போட்ட கோலம் நாளை இருக்காது. வண்டிச் சக்கரமும் காலடிகளும் அதை மாலைக்குள் அழித்துவிடும். இருந்தும் மறுநாள் வேறொரு கோலம் பிறக்கிறது. மாதம் முழுவதும் இப்படி ஒரு நாளும் விடாமல் கை வேலை செய்கிறது. அதைச் ‘சவால்’ என்று நம் வீட்டுப் பெண்கள் ஒருபோதும் அழைத்ததில்லை.

அண்மைக்காலமாக ஏறத்தாழ இதே வழக்கம் வேறொரு பெயரில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது நாள், நூறு நாள் என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு கைவினைப் பொருளை வீட்டிலேயே செய்து முடிக்கிறார்கள். காகிதப் பூ, ஒயர் கூடை, குரோஷா, பூத்தையல், களிமண் பொம்மை என அவரவர்க்குப் பிடித்த ஒன்று. நுரையீரல் நோய்களுக்காக என்னிடம் சிகிச்சை பெறுவோரும் அவர்களுடன் வருவோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ‘மூச்சு வாங்குகிறவர் இதெல்லாம் செய்யலாமா? ஓய்வாக இருக்கவேண்டிய காலத்தில் இது தேவையா?’ என்பதே பெரும்பாலும் கேள்வி.

செய்யலாம், இயன்றவர்கள் செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் உடல்நலத்தோடு இருப்பவர்களுக்காக வகுக்கப்பட்ட சவாலை அப்படியே தூக்கி நோயாளியின் தோளில் வைத்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சானடோரியத்தின் நாள்கள்

புறநகர் ரயிலில் செல்பவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கிறார்கள். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ஆம் ஆண்டில் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். 1937-இல் தாம்பரம் சானடோரியத்தை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக விளங்குகிறது.

காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் சானடோரியங்கள் தந்தவை தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவை. ஆனால் ஓய்வு மட்டுமே போதாது என்பதை அக்கால மருத்துவர்களுள் சிலர் உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் டாக்டர் மார்கஸ் பேட்டர்சன் 1905 முதல் படிப்படியான உழைப்பு என்ற முறையைக் கையாண்டார். முதலில் சிறிது நடை, பிறகு சிறு கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி. உடல் தாங்குகிற அளவு அறிந்து வேலை கூட்டப்பட்டது. காய்ச்சல் கண்டால் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக்கலைஞர், தாமே காசநோயாலும் பக்கவாதத்தாலும் துன்புற்றவர், கைவேலையால் தம்மை மீட்டுக்கொள்ள முயன்றார். நோயாளிகளுக்கு வேலையையே மருந்துபோல் அளந்து தரும் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்னும் தொழில்வழிச் சிகிச்சைக்காக 1917-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். நம் நாட்டில் அத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

பின்னர் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. அது நிகழ்ந்த இடமும் நம் சென்னைதான். 1956-இல் இங்கு அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழைகள். இருந்தும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டதால் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே அவர்களும் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடக்கவேண்டிய தேவை நீங்கியது. இது மிகப் பெரிய நன்மை.

ஆனால் அந்த நன்மையோடு ஒன்றை நாம் தவறவிட்டோம் என்று நான் நினைக்கிறேன். நோய் வீட்டுக்கு வந்தது, மருந்தும் வந்தது, சானடோரியத்தின் நாள் ஒழுங்கு மட்டும் வரவில்லை. எத்தனை மணிக்கு எழவேண்டும், எப்போது சிறிது வேலை செய்யவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. இன்று காசநோயாளி மட்டுமல்லர், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பக்கவாதத்திலிருந்து மீள்பவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் என யாராக இருந்தாலும் நோயின் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெற்றுப் பகற்பொழுதில் தொலைக்காட்சியும் கவலையும்தான் துணை.

கைவேலை தருவது எது?

நோயுற்றவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஊசி போடப்படுகிறது, உணவு ஊட்டப்படுகிறது, இரத்தம் எடுக்கப்படுகிறது, படுக்கை மாற்றப்படுகிறது. எல்லாம் அவருக்குச் செய்யப்படுபவை. அவர் செய்வது என்று ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு பணிமனையையோ ஒரு வகுப்பறையையோ ஒரு சமையலறையையோ தம் கையால் நடத்திய ஒருவருக்கு இது எத்தகைய இழப்பு! நாளுக்கு அரைமணி நேரம் அவர் ஒன்றைச் செய்பவராக இருப்பதே கைவேலையின் முதற்பயன். அந்த அரைமணியில் அவர் நோயாளி அல்லர். ஒரு கூடைக்காரர், ஒரு தையல்காரர், ஒரு பொம்மை செய்பவர்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டுமே! அதற்காக ‘நவஜீவ நிலையம்’ தொடங்கப்பட்டது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப்பொம்மைகள் செய்தார்கள். உணர்ச்சியற்ற விரல்களில் காயம் பட்டாலும் தெரியாது என்பதால், நாள்தோறும் கைகளைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. விரல்கள் தேய்ந்துபோவதற்கு நோய் நேரடிக் காரணமன்று, உணரப்படாத சிறு காயங்களே காரணம் என்ற பேருண்மை உறுதிப்படுவதற்கு அந்தத் தினசரிச் சோதனை பெரிதும் உதவியது. கைவேலை அங்கே பிழைப்புக்கு வழியாயிற்று. மருத்துவத்துக்கும் கண் திறந்தது.

அதே வேளையில் மிகைப்படுத்தவும் கூடாது. கைவேலை நோயைத் தீர்க்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கிரிஜா கைமால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நாற்பத்தைந்து நிமிடம் கலைவேலை செய்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பு உமிழ்நீரில் குறைந்திருந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 39 பேர் மட்டுமே. அவர்கள் நோயாளிகளும் அல்லர். எனவே கைவேலை மனத்தைத் தணிக்கக்கூடும் என்று சொல்லலாம். மாத்திரையின் இடத்தில் அதை வைக்க முடியாது. நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி ஆகியவற்றின் இடத்திலும் வைக்க முடியாது.

ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி என்ற சிறுமியைப் பலரும் அறிவார்கள். அணுகுண்டின் கதிரியக்கத்துக்கு ஆளான பத்தாண்டுகளில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்தால் விருப்பம் நிறைவேறும் என்ற ஜப்பானிய நம்பிக்கையைக் கேட்டு, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே மருந்துப் பொட்டலத் தாள்களைக் கூட விடாமல் கொக்கு மடித்தாள். 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில், அவள் இறந்துபோனாள். கொக்குகள் அவளைக் காப்பாற்றவில்லை. அதனால் அவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குணமாகாத நோயிலும் ஒருவருக்கு நாள்கள் உண்டு. அந்த நாள்களுக்கும் ஒரு பொருள் வேண்டும். மருத்துவர்களாகிய நாங்கள் நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டப் பாடுபடுகிறோம். நாளை நிரப்புவது நோயாளியும் குடும்பமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

கணக்கு யாருக்காக?

இனிச் சவால் என்பதற்கு வருகிறேன். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று, மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்ற விதி பல சவால்களில் உண்டு. நலமாக உள்ளவருக்கு அது ஊக்கம். நோயாளிக்கு அது தண்டனை. காய்ச்சல் வந்த நாள், டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து விழுந்த நாள், கீமோதெரபிக்குப் பின் வாந்தியெடுத்த நாள் ஆகியவற்றைத் தோல்வி நாள்களாக எழுதிவைக்கும் எந்தக் கணக்கும் நமக்கு வேண்டாம்.

அறிவியலும் அந்த விதியை ஆதரிக்கவில்லை. இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சு, 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் எழுதிய நூலிலிருந்து திரிந்து பரவியது. பிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரைக் கொண்டு பழக்கம் உருவாகும் விதத்தை ஆராய்ந்தார்கள். பழக்கம் இயல்பாகப் படிவதற்குக் கணக்கிடப்பட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது; நடுத்தரமாக 66 நாள். அவர்கள் கண்ட மற்றொன்றே நமக்கு முக்கியம்: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை.

ஆகவே நோயாளியின் சவாலுக்கு அளவு வேறு. முழுப் பொருளை அளவாக வைக்காதீர்கள். நம் வீடுகளில் பின்னும் ஒயர் கூடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடையை ஒரே நாளில் முடிக்கவேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வரிசை போதும். அதுவும் இயலாத நாளில் ஒரு முடிச்சு. முடிச்சும் இயலாத நாளில் கூடையை மடியில் வைத்து, நேற்றுப் பின்னியதைத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துவைத்துவிடலாம். அந்த நாளும் கணக்கில் சேரும். காலை மாத்திரை போட்ட கையோடு வேலையைத் தொடங்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால், ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். ஆறு மாதம் காசநோய் மருந்து உட்கொள்பவருக்கு, வளர்ந்துவரும் கூடையே கடந்துவந்த நாள்களைக் காட்டும் நாள்காட்டி.

வீட்டாருக்குச் சில சொற்கள்

‘நீங்க சும்மா உட்காருங்கப்பா, நான் செஞ்சு தர்றேன்’ என்று கையிலிருப்பதை வாங்கிக்கொள்வது அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு அவரிடம் மீந்திருக்கும் ஒரே வேலையையும் பறித்துக்கொள்கிறது. முடிச்சு கோணலாக இருக்கட்டும். இரவில் அவருக்குத் தெரியாமல் பிரித்துச் சரிசெய்யாதீர்கள். சிறுபிள்ளையைப் புகழ்வதுபோல் புகழவும் வேண்டாம். அவர் பின்னிய கூடையில் காய்கறி வாங்கி வாருங்கள். அதுவே போதிய பாராட்டு.

காசநோயாளி செய்த பொருளைத் தொட அஞ்சும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காசநோய் காற்றின் வழியாகப் பரவுவது. கூடை, துணி, பாத்திரம் ஆகியவற்றின் வழியாகப் பரவுவதன்று. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோயாளிக்குக் கைவேலை என்று எழுதிவிடுவது எளிது. கடைக்குப் போய் ஒயரும் ஊசியும் வாங்கி வருவதும், பசை ஒட்டிய மேசையைத் துடைப்பதும், சிதறிய காகிதத்தைப் பெருக்குவதும் பெரும்பாலும் அந்த வீட்டு மருமகளோ மகளோ மனைவியோதான். ஏற்கெனவே இரவெல்லாம் கண்விழிப்பவர் தலையில் மேலும் ஒரு சுமை ஏறுமானால் நான் சொல்வதில் நியாயமில்லை. எனவே ஒரு பழைய தாம்பாளத்துக்குள் அடங்கும் வேலையாகத் தேர்ந்தெடுங்கள். எடுத்துத் தருவதும் திருப்பி வைப்பதும் ஒரே கையசைவில் முடியவேண்டும். இயன்றால் அந்த அரைமணியில் உடனிருந்து கவனிப்பவரும் தமக்கென்று ஒன்றைக் கையில் எடுக்கட்டும். அருகருகே அமர்ந்து, நோயைப் பற்றிப் பேசாமல், இருவரும் வேலை செய்யும் அரைமணி நேரம் பல வீடுகளில் கிடைத்தற்கரியது.

யாருக்கு எது ஏற்றது?

மூச்சுத்திணறல் உள்ளவர்கள்: கைகளைத் தாங்கலின்றி உயர்த்தி வேலை செய்தால் மூச்சு விரைவில் வாங்கும்; கழுத்தையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்கும் உதவவேண்டியிருப்பதே காரணம். முழங்கைகளை மேசையிலோ தலையணையிலோ ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளிவிட்டபடி முடிச்சை இழுங்கள். ஸ்பிரே பெயின்ட், வார்னிஷ், ரெசின், மரத்தூள், பஞ்சுத்தூசி ஆகியவை வேண்டா. மார்கழிப் பனியில் குனிந்து கோலம் போடுவதற்குப் பதிலாக, வெயில் ஏறியபின் நோட்டில் புள்ளிக் கோலம் போடலாம்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர்கள்: மெழுகுவத்தி செய்தல், சூடான பசைத் துப்பாக்கி, ஊதுவத்தியால் துளையிடுதல் போன்ற நெருப்பும் சூடும் சார்ந்த எந்த வேலையும் அந்த அறையில் கூடாது.

சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்கள்: மொட்டை முனை ஊசியையும் விரலுறையையும் பயன்படுத்துங்கள். வேலூரில் செய்ததுபோல், வேலை முடிந்ததும் கைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள்: கத்தியும் கூரிய கத்தரிக்கோலும் தவிர்த்து, மடித்தலும் பின்னலும் செய்யலாம்.

கீமோதெரபி பெறுபவர்கள்: மண், உலர்ந்த இலை, பழம்பூ ஆகியவற்றில் பூஞ்சை இருக்கக்கூடும், தூய காகிதமும் நூலும் நல்லவை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்: ஃபிஸ்டுலா உள்ள கையை அழுத்தியோ மடக்கியோ வைக்கும் வேலை வேண்டா.

பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள்: எந்த வேலை ஏற்றது என்பதை உங்கள் பிசியோதெரபி நிபுணரிடம் கேட்டுத் தொடங்குங்கள். தளர்ந்த கை காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது மடிக்கட்டும். அந்தப் பிடிப்பும் ஒரு வேலைதான்.

எல்லாருக்கும் பொதுவானது ஒன்று: அரைமணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள், எழ இயன்றவர்கள் எழுந்து நான்கு அடி நடங்கள். நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மீறிய திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி எங்களை அணுகுங்கள்.

பொருள்களுக்காகப் பெருஞ்செலவு செய்யவேண்டியதில்லை. பழைய நாள்காட்டித் தாள், தையற்கடையில் மீந்த துண்டுத்துணி, ஒரு கட்டு ஒயர் இவை போதும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டோடு நீங்கள் செய்து கொண்டிருப்பதையும் எடுத்து வாருங்கள். முடிந்திருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் விரல் எவ்வளவு நேரம் உழைத்தது, எந்த இடத்தில் களைத்தது, எந்த வாரம் நின்றுபோனது என்பவற்றை அந்தப் பின்னலிலிருந்து நானும் படித்துக்கொள்ள முடியும். சில வேளைகளில் எக்ஸ்ரே சொல்லாத செய்தியை அது சொல்லும்.